ரன்னிங் புக்ஸ்: எதை வாங்கலாம், எதை எடுத்த இடத்துலயே வச்சுட்டு வரலாம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லாங் டிஸ்டன்ஸ் ஓடுறவங்க வீட்ல ஷூவுக்கு அடுத்தபடியா மலை மாதிரி சேர்றது புக்குதான். என்கிட்டயும் இருபதுக்கு மேல கிடக்கு, அதுல உருப்படியா யூஸ் ஆனது நாலோ அஞ்சோ. மத்ததெல்லாம் மோசமான புக்குன்னு சொல்லல, எனக்காக எழுதின புக் இல்ல, அவ்வளவுதான். அது புரியவே எனக்கு சில வருஷம் ஆச்சு. "எதை வாங்கலாம்"னு கேக்கிறவங்களுக்கு திரும்பத் திரும்ப சொல்ற பதில்களை ஒண்ணா சேத்து எழுதியிருக்கேன்.

வாட்ச்சே பிளான் போட்டுக் குடுக்குது, ஆப் வேற இருக்கு, அப்புறம் எதுக்கு புக்?

பிளான் மட்டும் வேணும்னா ஆப்பே போதும். புக் தேவைப்படுறது பிளான் உடையும்போதுதான். காய்ச்சல்ல பத்து நாள் போயிடுச்சு, வேலை நெருக்கடில ரெண்டு லாங் ரன் (வாரத்துல ஒரு நாள் ஓடுற நீள ஓட்டம்) போயிடுச்சுன்னு வைங்க, இப்ப விட்ட இடத்துல இருந்து தொடரணுமா, ரெண்டு வாரம் பின்னாடி போகணுமா, இல்ல போனது போகட்டும்னு இந்த வாரத்துக்கே தாவணுமா? செவ்வாக்கிழமை எதுக்கு டெம்போ (கஷ்டமான, ஆனா தாக்குப் பிடிக்கிற சீரான வேகம்) ஓடுறோம், அது உடம்புல எதை மாத்துதுன்னு தெரிஞ்சா இதுக்கு நீங்களே பதில் சொல்லிக்குவீங்க, தெரியலன்னா விட்ட ரெண்டு லாங் ரன்னையும் ஒரே வாரத்துல அடைக்கப் பாத்து முட்டிய பிடிச்சுக்கிட்டு உக்காருவீங்க.

கடையில நின்னு புரட்டுறப்ப முதல்ல எந்தப் பக்கத்தை பாக்கணும்?

முன்னுரை வேணாம், பின்னட்டை வேணவே வேணாம். நேரா பிளான் இருக்கிற பக்கத்துக்குப் போய் முதல் வாரத்தோட மொத்த தூரத்தைக் கூட்டிப் பாருங்க. நீங்க போன மாசம் சராசரியா வாரத்துக்கு எவ்வளவு ஓடினீங்களோ அதுக்கு பக்கத்துல இருக்கா? நீங்க 25 கி.மீ ஓடிட்டு இருக்கீங்க, புக்ல முதல் வாரமே 50-ன்னா அது உங்களுக்கு எழுதினது இல்ல, ஒரு வருஷம் கழிச்சு வர்ற உங்களுக்கு எழுதினது.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல் ஃபுல் மாரத்தானுக்கு ஒரு கனமான புக்கை வாங்கி, முதல் ரெண்டு அத்தியாயத்துல "இந்த பிளான் யாருக்கு"ன்னு அவ்வளவு தெளிவா எழுதியிருந்ததை தாண்டிக் குதிச்சு நேரா அட்டவணைய ஜெராக்ஸ் எடுத்து சுவத்துல ஒட்டினேன், ஆறாவது வாரம் ரெண்டு கால்லயும் ஷின் ஸ்பிளின்ட், அதாவது முட்டிக்குக் கீழ முன்பக்க எலும்புல வலி. எழுதினவரைக் குத்தம் சொல்லவே முடியாது, அவரு சொல்லித்தான் இருந்தாரு, நான்தான் படிக்கல.

அடுத்து எழுதினவரு யாரை டிரெயின் பண்ணிட்டு இந்த முடிவுக்கெல்லாம் வந்தாருன்னு பாருங்க. காலேஜ் டீம் கோச்சா இருந்தவரு கையில இருந்ததெல்லாம் இருபது வயசு, நாள் பூரா அதே வேலை, மத்தியானம் தூக்கம். நீங்க காலைல அஞ்சு மணிக்கு ஓடிட்டு குழந்தைய ஸ்கூல்ல விட்டுட்டு ஒம்போது மணிக்கு வேலைக்குப் போற ஆளு. அவரு சொல்ற விஷயம் சரியாவே இருக்கலாம், ஆனா அளவு உங்களுக்கு மாறும். கடைசியா "விட்டுப்போன நாளுக்கு என்ன பண்ணணும்"னு ஒரு பக்கமாவது இருக்கான்னு தேடுங்க. அந்தப் பக்கமே இல்லாத டிரெயினிங் புக்கை நான் வாங்குறதே இல்ல.

இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன், அஞ்சு நிமிஷம் ஓடினாலே மூச்சு வாங்குது. எது படிக்கலாம்?

ஓட்டத்துக்கு நடுவுல நடக்கிறத அவமானமா பேசாத புக் எதுவா இருந்தாலும் சரி. இதுல ஜெஃப் கேலோவே பேரு அடிக்கடி வரும், 1972 மியூனிக் ஒலிம்பிக்ல 10,000 மீட்டர் ஓடினவரு, அவ்வளவு வேகமா ஓடினவரே "நடுவுல நடங்க, அதுவும் களைச்சு போனப்புறம் இல்ல, முதல் கிலோமீட்டர்லயே ஆரம்பிங்க"ன்னு சொல்றாருன்னா கேக்கலாம். இதுல காரணம் இருக்கு: மூச்சு, இதயம் எல்லாம் சில வாரத்துலயே பழகிடும், தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்கு ஆகும். ரெண்டாவது மாசம் "அட நல்லா ஓடுறோமே"ன்னு தோணும் பாருங்க, அந்த நேரத்துலதான் நிறைய பேரு இன்ஜுரி ஆகுறாங்க. பிகினர் புக்னு எதை எடுத்தாலும் இந்த விஷயம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வச்சிடுங்க.

சும்மா ஒரு தகவல். இந்த ஜாகிங் பழக்கத்தை அமெரிக்காவுல பரப்பினதே ஒரு சின்ன புக்தான், பில் பவர்மேன்னு ஒரு கோச் ஒரு டாக்டரோட சேந்து 1967-ல எழுதினது. பவர்மேன் அதுக்கு சில வருஷம் முன்னாடி நியூசிலாந்து போனப்ப, ஆர்தர் லிடியார்ட்ங்கற கோச் நடத்தின ஜாகிங் குரூப்போட ஓடப் போய், 70 தாண்டின ஒரு பெரியவருக்கு ஈடு குடுக்க முடியாம பின்தங்கிட்டாராம். ஊரறிஞ்ச கோச்சு, வெக்கமாப் போச்சு, திரும்பி வந்து தானே ஓட ஆரம்பிச்சாரு.

டேனியல்ஸ் வாங்கலாமா, ஃபிட்சிங்கர் வாங்கலாமா?

ரொம்ப அதிகமா வர்ற கேள்வி இதுதான், கூடவே ஹான்சன்ஸ் பேரும் வரும். மூணும் நல்ல புக், மூணும் வேற வேற ஆளுக்கு.

ஜாக் டேனியல்ஸ் உடலியல் படிச்ச கோச், அதுக்கு முன்னாடி மாடர்ன் பென்டத்லான்ல (அஞ்சு போட்டி சேந்த விளையாட்டு) 1956, 1960 ஒலிம்பிக்ல டீம் மெடல் வாங்கினவரு. அவரோட புக் "டேனியல்ஸ் ரன்னிங் ஃபார்முலா" 1998-ல வந்துச்சு, அப்புறம் மூணு தடவை திருத்திப் போட்டிருக்காங்க. அதோட உயிரே விடாட்-ங்கற எண்தான். நீங்க சமீபத்துல ஓடின ரேஸ் டைமை வச்சு ஒரு எண் வரும், அந்த எண்ணுக்கு நேரா ஈஸி, மாரத்தான், த்ரெஷோல்ட், இன்டர்வல், ரெபிடிஷன்னு மெதுவானதுல இருந்து வேகமானது வரைக்கும் அஞ்சு வேகம் குடுத்திருப்பாரு, ஒவ்வொண்ணும் உடம்புல எதுக்காகன்னும் சொல்லியிருப்பாரு. த்ரெஷோல்ட்னா தோராயமா ஒரு மணி நேர ரேஸ்ல தாக்குப் பிடிக்கிற வேகம், அதை 20 நிமிஷம் ஓடுறது அவரோட டெம்போ. "நான் ஈஸின்னு ஓடுறது ஈஸியே இல்ல"ன்னு எனக்கு அந்த அட்டவணைய பாத்துத்தான் உறைச்சுது.

ஆனா அதுலயே ஒரு குழி இருக்கு. 5 கி.மீட்டரை 19:57-ல ஓடினா எண் 50, அதே 50-க்கு நேரா ஃபுல் மாரத்தான் 3:10:49-ன்னு இருக்கும். இத பாத்துட்டு நிறைய பேரு 5 கே டைமை வச்சே மாரத்தான் டார்கெட் போட்டு 32-வது கிலோமீட்டர்ல நடக்கிறாங்க. ரெண்டு தூரத்துக்கும் அதுக்கதுக்கு வேண்டிய டிரெயினிங் பண்ணியிருந்தா மட்டும்தான் அந்த எண் பொருந்தும். வாரம் 30 கி.மீ ஓடிக்கிட்டு 5 கே-ல கலக்குற ஆளுக்கு மாரத்தான் வரிசை வெறும் ஆசை காட்டுற வரிசை.

பீட் ஃபிட்சிங்கர் 1984, 1988 ஒலிம்பிக் மாரத்தான் ஓடினவரு, ஸ்காட் டக்ளஸோட சேந்து எழுதினது "அட்வான்ஸ்டு மாரத்தானிங்". பேர்லயே "அட்வான்ஸ்டு"ன்னு இருக்கு, அதை யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. அதுல இருக்கிற 18 வார பிளான்ல குறைஞ்சதே வாரம் 55 மைல், அதாவது 88 கி.மீ வரைக்கும் ஏறும். இவரோட ஸ்பெஷல் வாரத்து நடுவுல வர்ற மீடியம் லாங் ரன், புதன்கிழமை விடிகாலைல 18, 20 கி.மீ ஓட உங்க வாழ்க்கை இடம் குடுக்குமான்னு யோசிச்சுட்டு வாங்குங்க. இடம் குடுத்தா இதைவிட நேர்த்தியான மாரத்தான் புக் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஹான்சன்ஸ் முறை (லூக் ஹம்ஃப்ரி எழுதினது, 2012) பத்தி எல்லாரும் கேள்விப்பட்டது ஒண்ணுதான்: லாங் ரன் அதிகபட்சம் 16 மைல், 26 கி.மீ. "ஆஹா, மத்த பிளான் மாதிரி 32 ஓட வேணாம்"னு சந்தோஷமா வாங்குறாங்க. வாரத்துக்கு ஆறு நாள் ஓடணும், முந்தின நாளும் ஓடி களைச்ச காலோடதான் அந்த 26-ஐ ஓடணும், அப்பதான் அது மாரத்தானோட கடைசி 26 மாதிரி வேலை செய்யும். நாலு நாள் ஓடிட்டு ரெஸ்ட் எடுத்து ஃப்ரெஷ்ஷா போய் 26 ஓடினா அது ஹான்சன்ஸ் இல்ல, அரைகுறை.

அப்ப மூணுலயும் நல்லதை மட்டும் எடுத்து நானே ஒரு பிளான் போட்டுக்கட்டுமா?

மேல சொன்ன ஹான்சன்ஸ் கதையே இதுக்கு பதில். ஒரு பிளான்ல சனிக்கிழமை அப்படி இருக்கிறதாலதான் ஞாயித்துக்கிழமை இப்படி இருக்கு. டேனியல்ஸோட கஷ்டமான நாளையும் ஃபிட்சிங்கரோட மீடியம் லாங்கையும் ஒரே வாரத்துல போட்டா ரெண்டு பேரும் சொல்லாத ஒண்ணு வரும். ஒரு ரேஸுக்கு ஒரு புக். ரேஸ் முடிஞ்சப்புறம் எது ஒத்துக்கிச்சு எது ஒத்துக்கலன்னு பாத்துட்டு அடுத்ததை மாத்துங்க.

80/20-ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அந்த புக்?

மேட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2014-ல எழுதினது, அடிப்படை ஸ்டீஃபன் சைலர்ங்கற ஆராய்ச்சியாளரோட வேலை. எலைட் வீரர்கள் பயிற்சியை எப்படி பிரிக்கிறாங்கன்னு பாத்தப்ப சுமார் 80 சதவீதம் மெதுவா, மிச்சம்தான் கஷ்டமா இருந்துச்சு. எப்பவும் நடுத்தர வேகத்துலயே, பேசவும் முடியாம வேகமும் இல்லாம ஓடிட்டு இருக்கிற ஆளுங்களுக்கு, அதாவது நம்மள்ல பாதிப் பேருக்கு, இது கண்ணத் திறக்கிற புக். ஆனா எலைட் வாரத்துக்கு பத்து பன்னெண்டு தடவை ஓடுறாங்க, அதுல ரெண்டு கஷ்டமான நாள்னா கணக்கு சரியா வரும். வாரத்துக்கு மூணே நாள் ஓடுறவரு சதவீதத்தைப் பிடிச்சுக்கிட்டு கால்குலேட்டர் தட்ட வேண்டியதில்ல, ஒரு நாள் கஷ்டம் ரெண்டு நாள் சுலபம், முடிஞ்சுது.

பழைய புக்ஸ் படிக்கலாமா? அறிவியல் எல்லாம் மாறியிருக்குமே?

எலும்புக்கூடு மாறல, மேல போட்ட சட்டைதான் மாறியிருக்கு. லிடியார்ட் 1962-ல எழுதினதுல இருக்கிற அடிப்படை, முதல்ல மாசக்கணக்குல தூரத்தைக் கட்டு, அப்புறம் மேடு, கடைசியாத்தான் வேகம்ங்கறது, இன்னிக்கு வர்ற புது புக்லயும் வேற பேர்ல அதேதான் இருக்கும். அவரு டிரெயின் பண்ண பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர்லயும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டர்லயும் 1960 ரோம் ஒலிம்பிக்ல ஒரே நாள்ல தங்கம் வாங்கினாங்க. 800 மீட்டர் ஓடுறவனையும் வாரம் 100 மைல் ஓட வச்ச மனுஷன். அந்த 160 கி.மீ-ஐ நீங்க காப்பி அடிக்காதீங்க, வரிசையை மட்டும் எடுத்துக்கோங்க.

பழைய புக்ல நம்பக் கூடாதது சாப்பாடு, தண்ணி, ஷூ, மருத்துவம் பத்தின அத்தியாயங்கள். இதுக்கு நல்ல உதாரணம் டிம் நோக்ஸ்ங்கற விளையாட்டு மருத்துவ ஆராய்ச்சியாளரோட தலகாணி புக், நாலாவது பதிப்பு 900 பக்கத்துக்கு மேல, உடலியலுக்கு அதை மாதிரி ஒண்ணு கிடையாது. ஆனா கார்போஹைட்ரேட் பத்தி அதுல எழுதினது தப்புன்னு பின்னாடி அவரே முடிவு பண்ணி, அந்தப் பக்கங்களைக் கிழிச்சுப் போடுங்கன்னு சொல்ற அளவுக்குப் போனாரு! அவரோட புதுக் கருத்தை எல்லா நிபுணர்களும் ஒத்துக்கல, அது தனிச் சண்டை. எனக்கு அதுல கிடைச்ச பாடம், அவ்வளவு படிச்சவரே மாத்திக்கிற விஷயத்தை ஒரே ஒரு புக்கை நம்பி கடைப்பிடிக்கக் கூடாதுங்கறது.

இன்னொண்ணு ஜிம் ஃபிக்ஸ். 1977-ல வந்த அவரோட புக் அமெரிக்காவையே ஓட வச்சுது, 1984-ல 52 வயசுல ஓடப் போனப்பவே மாரடைப்புல இறந்துட்டாரு. அவரோட அப்பாவும் 43 வயசுல இதய நோய்லதான் போனாரு. மாரத்தான் ஓடுறவனுக்கு ஹார்ட் பிரச்சினையே வராதுன்னு சிலர் நிஜமாவே நம்பின காலம் அது. அந்த கால புக்ல நெஞ்சு வலி பத்தி என்ன எழுதியிருந்தாலும் தாண்டிப் போயிடுங்க.

கதை மாதிரி இருக்கிற ரன்னிங் புக்ஸ் படிச்சா ஓட்டத்துக்கு உபயோகமா?

எழுந்து போய் ஷூ மாட்ட வைக்கும், அதுவே பெரிய உபயோகம். ஆனா டிரெயினிங்கை அதுல இருந்து எடுக்காதீங்க. ஜான் பார்க்கர் எழுதின ஒரு நாவல் இருக்கு, 1978-ல அவரே அச்சடிச்சு ரேஸ் நடக்கிற இடத்துல கார் டிக்கில வச்சு வித்தது, ரன்னர்ஸ் மத்தியில கை மாறி கை மாறி பரவுச்சு. அதுல ஹீரோ ஒரே நாள்ல 60 தடவை கால் மைல் ஓடுவான். படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும், மறுநாள் கிரவுண்டுக்கு போய் அதுல பாதியாவது ட்ரை பண்ணலாம்னு தோணும், தோணட்டும், பண்ணாதீங்க.

"பார்ன் டு ரன்" (2009) பத்தியும் இதேதான். மெக்சிகோவோட காப்பர் கேன்யன்ல ஓடுற ராராமுரி மக்களைப் பத்தி படிக்கப் படிக்க விட முடியாது, எத்தனையோ பேரு ஓட வந்ததே அதைப் படிச்சுத்தான். கூடவே வெறுங்கால், மெல்லிசு ஷூ மோகமும் வந்துச்சு. விரல் விரலா இருக்கிற ஷூ செஞ்ச விப்ரம் கம்பெனி மேல, உடம்புக்கு நல்லதுன்னு சொன்னதுக்கு ஆதாரம் இல்லன்னு கேஸ் போட்டாங்க, 2014-ல தப்பை ஒத்துக்காமலே 37.5 லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணாங்க. சின்ன வயசுல இருந்தே அப்படி ஓடுறவங்க காலும், முப்பது வருஷம் தடிச்ச ஷூவுக்குள்ள இருந்த காலும் ஒண்ணு இல்ல.

ஜப்பான் நாவலாசிரியர் முரகாமியோடது? ஓட்டத்தைப் பத்தி எழுதின மாதிரி இருக்கும், நிஜத்துல தினமும் உக்காந்து நாவல் எழுதுறதைப் பத்தி. எனக்கு பிடிக்கும், என் ஓடுற ஃப்ரெண்டுக்கு பத்து பக்கத்துல தூக்கம் வந்துடுச்சு.

பெண்களுக்கு தனியா புக் தேவையா?

ஒண்ணாவது தேவை. ஒலிம்பிக்ல பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-லதான், அதுக்கு முன்னாடி எழுதின புக்ஸ்ல முக்கால்வாசி ஆம்பளைங்களை வச்சே எழுதினது, "பெண்களுக்கு"ன்னு கடைசில நாலு பக்கம் ஒட்டியிருக்கும். நான் ஒரு பக்கத்தை வச்சே எடை போடுவேன்: டிரெயினிங் அதிகமானதும் பீரியட்ஸ் நின்னா அது சகஜம், ஃபிட்னஸோட அடையாளம்னு எழுதியிருந்தா அந்த புக்கை அங்கேயே வச்சிடுங்க. ஓடுறதுக்கு ஏத்த அளவு சாப்பாடு போகலன்னு உடம்பு சொல்ற முதல் எச்சரிக்கை அது, எலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு வர்ற சின்ன விரிசல்) வர்ற வழியும் அதுதான். ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல இந்தப் பற்றாக்குறைக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சு அறிக்கை விட்டுச்சு, ஆம்பளைங்களுக்கும் இது வரும். இரும்புச்சத்து பத்தி ஒரு பகுதி இருக்கான்னும் பாருங்க. மாதவிடாய் சுழற்சியோட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு டிரெயினிங்னு கண்டிப்பா பிரிச்சுக் குடுக்கிற புக்ஸும் வருது, அந்த அளவு உறுதியா சொல்ல ஆதாரம் இன்னும் பத்தாது.

வயசு 50. ஏதாவது தனியா பாக்கணுமா?

ரெண்டே ரெண்டு. கஷ்டமான நாளுக்கு அப்புறம் எத்தனை சுலபமான நாள்னு மாத்திக்க இடம் குடுக்குதா, இல்ல ஏழு நாள் வாரத்துக்குள்ளயே அடைக்குதா. அப்புறம் ஹார்ட் ரேட். உச்ச ஹார்ட் ரேட்டுக்கு 220-ல இருந்து வயசைக் கழின்னு சொல்லி, அந்த 170-ஐ வச்சே எல்லா ஜோனையும் (எந்த ஓட்டத்துக்கு எவ்வளவு துடிப்புங்கற வரம்பு) போடச் சொல்ற புக்கா இருந்தா சந்தேகப்படுங்க, அது கூட்டத்துக்கான சராசரி, தனி ஆளுக்கு பத்து பன்னெண்டு துடிப்பு மேலயோ கீழயோ இருக்கிறது சாதாரணம்.

எல்லாம் மைல் கணக்குலயே இருக்கே?

ஒரு மைல் 1.609 கி.மீ. வாங்கின அன்னிக்கே உக்காந்து பென்சில்ல எல்லா நம்பர் பக்கத்துலயும் எழுதிடுங்க, விடிகாலைல அரைத் தூக்கத்துல கணக்கு போட முடியாது. பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்ங்கறது) அட்டவணை குளிர்ச்சியான நாளுக்கு எழுதினதுங்கறதையும் ஞாபகம் வைங்க, புழுக்கத்துல அதே பேஸைத் துரத்துனா ஈஸி ரன்னே டெம்போ ஆயிடும்.

இ-புக் வாங்கலாமா, அச்சு புக்கா?

கதை, சுயசரிதைக்கு இ-புக். டிரெயினிங் புக்குக்கு அச்சுதான், சின்ன ஸ்கிரீன்ல அட்டவணை துண்டு துண்டா உடைஞ்சு எந்த வாரம் எந்த நாள்னே தெரியாம போயிடும்.

ரிவ்யூ பாத்து வாங்கலாமா?

அஞ்சு ஸ்டாரை எண்ணாதீங்க, எழுதினவரு வாரம் எவ்வளவு ஓடுறவரு, பிளானை முழுசா முடிச்சாரான்னு சொல்லியிருக்கிற ரிவ்யூவை மட்டும் படிங்க. "ரொம்ப கஷ்டம், விட்டுட்டேன்"னு எழுதின ரெண்டு ஸ்டார் ரிவ்யூதான் பல தடவை எனக்கு உதவியிருக்கு. எழுதினவரு பேரைத் தேடினா ஓடினதாவோ டிரெயின் பண்ணதாவோ ஒரு தடயமும் இல்லன்னா வேணாம், அந்த மாதிரி புக்ஸ் இப்ப வண்டி வண்டியா வருது.

கால்ல வலி இருக்கு, இன்ஜுரிக்கு எந்த புக் நல்லது?

ஜே டிகாரி எழுதினது ரெண்டும் நல்லா இருக்கும், அவரு பிசியோதெரபிஸ்ட், ஒவ்வொரு மூட்டும் ஓடும்போது என்ன பண்ணுது, உங்ககிட்ட எது இறுக்கம் எது பலவீனம்னு நீங்களே செஞ்சு பாக்கிற டெஸ்ட் எல்லாம் இருக்கும். ஆனா அது வலி வர்றதுக்கு முன்னாடியோ ஆறினப்புறமோ படிக்க வேண்டியது. இப்ப வலி இருக்குன்னா ஒரு விரலால எலும்பு மேல அழுத்திப் பாருங்க, குறிப்பா ஒரே புள்ளில சுருக்குன்னு வலிச்சாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி இருந்தாலோ, புக் தேடிக்கிட்டு இருக்காதீங்க, ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் ஆரம்பத்துல எக்ஸ்-ரேல தெரியாமலும் போகும், அதனால எக்ஸ்-ரே சுத்தமா இருக்குன்னு சொல்லியும் வலி குறையலன்னா எம்ஆர்ஐ தேவையான்னு கேளுங்க.